நாள் குறிப்பது யார்?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சென்ற வாரம் ஒரு கிராமத்தில் நாம் பேசி உட்கார்ந்ததும் ஒரு பெரியவர் எழுந்து கேள்வி கேட்டார். மரியாதையாகவே கேட்டார். "நீங்கள் விஞ்ஞானம், விஞ்ஞானம் என்கிறீர்கள். அது இன்றைக்கு ஒன்று சொல்லுகிறது, நாளைக்குத் தானே அதைத் தப்பு என்கிறது. எங்கள் சாஸ்திரமோ எத்தனையோ ஆயிரம் வருஷமாக ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறது. மாறுகிறதை நம்புவதா, மாறாததை நம்புவதா?" என்றார். சிலர் கைதட்டினார்கள். நேரமாகிவிட்டபடியால் ஏதோ சுருக்கமாகச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தோம். அந்தச் சமாதானம் நமக்கே திருப்தியாயில்லை. ஆகவே இன்று அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். அதற்காக உலகத்து விஞ்ஞானம் முழுவதையும் இழுக்காமல், ஒரே ஒரு கணக்குக் கருவி எப்படித் திருத்தப்படுகிறது, அந்தத் திருத்தத்திற்கு நாள் குறிப்பது யார் என்பதை மாத்திரம் சொல்லுகிறோம்.

கம்ப்யூட்டரில் எழுதுவதற்குப் பைத்தான் என்று ஒரு பாஷை இருக்கிறது. அந்தப் பாஷையில் லட்சக்கணக்கான எண்களை வரிசை வரிசையாக வைத்துக் கணக்குப் போடுவதற்கென்று ஒரு கருவிப்பெட்டி செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நம்பை என்று பெயர். பெயர்தான் நம்பையே ஒழிய, எதையும் நம்பச் சொல்லுகிற சங்கதி அதில் கிடையாது. 2015இல் அமெரிக்காவில் ஈர்ப்பு அலையைக் கண்டுபிடித்தவர்களும், 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்டவர்களும் தங்கள் கணக்குகளில் இந்தப் பெட்டியை உபயோகித்தார்கள். நாம் எந்தக் காலேஜிலும் இதைப் படித்தவரல்ல. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளக் காலேஜ் அவசியமில்லை என்பதுதான் இதில் உள்ள விசேஷம். அதன் மூலம் பூராவும், அதாவது எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு வரியும், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், மாற்றலாம், தப்பு என்று கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். என்ன ஜாதி, எந்தக் கோத்திரம் என்று கேட்பாரில்லை. வேதத்தைக் காதால் கேட்டுவிட்ட குற்றத்திற்கே காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மம் வழங்கிய நாட்டில் பிறந்த நமக்கு, மூலத்தைத் திறந்து வைத்துவிட்டு "வா, குற்றம் சொல்" என்று கூப்பிடுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இதன் பிறப்பிலும் ஒரு சண்டை உண்டு. 1995இல் நியூமெரிக் என்று ஒரு பெட்டி உண்டாயிற்று. பிறகு, ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களைக் கணிக்கும் நிலையத்தார் நம்அரே என்று வேறொன்று செய்தார்கள். ஒன்று சிறிய கணக்குக்கு வேகம், மற்றொன்று பெரிய கணக்குக்கு வேகம். இதற்காகச் செய்ததை அதில் மாட்ட முடியாமல் உபயோகிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து போனார்கள். நம் நாட்டு வடகலை தென்கலையாயிருந்தால் நாமத்திற்குக் கால் உண்டா இல்லையா என்று கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே என்ன நடந்ததென்றால், 2005இல் டிராவிஸ் ஆலிபன்ட் என்கிற ஒருவர் இரண்டின் நல்ல அம்சங்களையும் எடுத்து ஒன்றாக்கும் வேலையில் இறங்கினார். 2006இல் நம்பையின் 1.0 என்ற பதிப்பு வந்தது. இரண்டு கட்சியும் மெள்ள மறைந்து போயின.

நிற்க, இந்த எண்ணைக் கவனியுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிற்கும் ஓர் எண் உண்டு. சில்லறைப் பிழையைத் திருத்தினால் கடைசி எண் ஏறும். புதிய வசதி சேர்த்தால் நடு எண் ஏறும். பழைய வழக்கத்தையே உடைத்தால்தான் முதல் எண் ஏறும். 2006இல் ஏறிய முதல் எண் மறுபடி ஏறியது 2024 ஜூன் 16ஆம் தேதி. அதாவது 18 வருஷங்கள் கழித்து 2.0 வந்தது. பெரியவர் நினைக்கிறபடி தினம் ஒரு பேச்சு பேசுகிற கூட்டமல்ல அது.

ஏன் உடைக்க வேண்டி வந்தது? ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். விண்டோஸ் ஓடும் மெஷின்களில் இந்தப் பெட்டி முழு எண்களைச் சாதாரணமாக 32 கட்டங்களில் வைத்தது. மற்ற மெஷின்களில் 64 கட்டங்களில் வைத்தது. 32 கட்டத்தில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் அடங்கும். எண் வரிசைக் கணக்கில் அதற்கு மேல் ஒன்று கூட்டினால், சத்தம் போடாமல் 214 கோடி கடன் என்று விடை வந்துவிடும். ஒரே கணக்கு, ஒரே பெட்டி, இரண்டு மெஷின், இரண்டு விடை! இது வெகு காலமாக இருந்த குறை. "முன்னோர் வைத்தது, இதில் ஏதோ சூட்சுமம் இருக்கும்" என்று எவரும் தத்துவார்த்தம் பண்ணவில்லை. தப்பு என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். 2.0இல் 64 கட்ட மெஷின்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கினார்கள்.

நம்மிடத்திலும் ஒரே வானம், இரண்டு கணக்கு இருக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி 2025 மார்ச் 29ஆம் தேதி சனி பெயர்ந்துவிட்டது. திருநள்ளாற்றுக் கோவிலோ வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் பெயர்ச்சி என்று அறிவித்தது. சனி ஒன்றுதானே இருக்கிறது! அது வானத்தில் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாமே! ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம் வருகிறதே, இரண்டில் எது தப்பு என்று கேட்க ஓர் இடம் உண்டா? அதற்குப் பதிலாக இரண்டு பெயர்ச்சிக்கும் இரண்டு தரம் பரிகாரக் காணிக்கை வாங்குவதற்குத்தான் இடம் இருக்கிறது.

இனி, நாள் குறிக்கிற விஷயத்திற்கு வருவோம். நம்பையின் மேலே வேறு எத்தனையோ பெட்டிகள் கட்டப்பட்டிருக்கின்றன. சைப்பை, பாண்டாஸ், மாட்பிளாட்லிப், சைக்கிட்-லேர்ன் என்று பெயர்கள். அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கூட்டத்தாருடையவை. ஒருவர் மேல் ஒருவருக்கு அதிகாரம் கிடையாது. அடியில் இருக்கிற நம்பையின் மரை மாறினால், பழைய மரைக்கென்று கடைந்த நட்டுகள் புதிய போல்ட்டில் ஏறமாட்டா. 1க்குச் செய்தவை 2இன் மேல் ஓடமாட்டா. ஆனால் 2க்கென்று கடைந்தவை 1இன் மேலும் ஓடும்படி முன்னதாகவே ஏற்பாடு செய்துகொண்டார்கள். எல்லாவற்றிலும் இந்த யோசனைதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனெனில் இதனால் மேலே இருப்பவர்கள் முதலில் மாறிக்கொள்ளலாம், அடியில் இருப்பது கடைசியில் மாறலாம். நடுவில் யாருடைய வேலையும் நிற்காது.

அப்படியே செய்தார்கள். இன்னின்னது மாறப்போகிறது என்று காரணங்களோடும், ஆட்சேபணைகளோடும், ஒப்புக்கொள்ளாத யோசனைகளோடும் எழுதி முன்னாலேயே பகிரங்கமாக வைத்தார்கள். 2024 மார்ச்சில் சோதனைப் பதிப்பு ஒன்றை விட்டார்கள். அடுத்து, "இனி மரை மாறாது, இதை வைத்து நீங்கள் கடையலாம்" என்ற உறுதியோடு வேட்பாளர் பதிப்பு ஒன்றை விட்டார்கள். அந்த ஏப்ரலிலேயே சைப்பை 1.13, சைக்கிட்-லேர்ன் 1.4.2, பாண்டாஸ் 2.2.2 ஆகியவை புதிய மரைக்குத் தயாராக வெளிவந்தன. இவ்வளவும் ஆன பிறகு மே 23ஆம் தேதி, "ஜூன் 16 வெளியீடு" என்று அறிவித்தார்கள். பெரிய வீடு குடி போகிறதற்கு முன் அக்கம்பக்கத்தாரின் சௌகரியத்தைக் கேட்டு நாள் வைத்தது போல் இருக்கிறது.

ஜூன் 16 ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்க்கவும் முடியாது. உலகம் பூராவுக்கும் ஒரே நிமிஷத்தில் வெளியாகிறது. நமக்கு ராகு காலமாயிருக்கும்போது அமெரிக்காவில் வேறு மணியாயிருக்கும். எந்த ஊர் ராகுவைப் பார்ப்பது? அவர்கள் பார்த்ததெல்லாம் ஆயிரக்கணக்கான பரீட்சைகள் தேறினவா என்பதைத்தான். ஒரு திருத்தம் வந்தால் அதைப் பலவகை மெஷின்களில் ஓட்டி, பழைய விடைகள் சரியாக வருகின்றனவா என்று மெஷினே சோதிக்கிறது. அதற்கு மேல் மனிதர் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 2.0க்காக 11 மாதத்தில் 212 பேர் வேலை செய்து 1078 திருத்தங்கள் சேர்ந்தன என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் கஷ்டமில்லாமல் போயிற்றா என்றால், இல்லை. அறிவிப்பைப் படிக்காதவர்களுடைய பழைய புரோகிராம்கள் பல அன்றே நின்று போயின. சுமார் 100 பழைய பெயர்கள் நீக்கப்பட்டோ, ஒதுக்கப்பட்டோ, இடம் மாற்றப்பட்டோ போயிருந்தன. முன்பும் இப்படித்தான். ஒரு பொருளுக்கே இரண்டு பெயர் இருந்ததால் ஒன்றை எடுத்துவிடப் போகிறோம் என்று 2021 ஜனவரியிலிருந்து ஓட்டும்போதெல்லாம் எச்சரிக்கை காட்டினார்கள். 2022 டிசம்பரில்தான் எடுத்தார்கள். அப்போதும் கூக்குரல் எழுந்தது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணா போய்ப் புதுப்பைசா வந்தபோது பட்ட சங்கடம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழைய பைசாவோடு குழப்பம் வராமலிருக்க 1964 வரை நாணயத்தில் 'நயா' என்று பொறித்தே வந்தார்கள். மாறுதல் என்றால் தொந்தரவு உண்டு. அதை நாம் மறைக்கவில்லை.

மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. 2017இல் ஒரு தர்ம ஸ்தாபனம் பணம் கொடுக்கும் வரையில், இந்தப் பெட்டியைக் காத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில் காத்தார்கள். இதை வைத்துக் கோடி கோடியாய் லாபம் எடுக்கிற கம்பெனிகளுக்கு அது வெட்கமாயிருக்க வேண்டும். கோவிலில் ஊழியம், ஜமீனில் வெட்டி என்று கூலியில்லா உழைப்பைக் கண்டித்து வந்த நாம், விஞ்ஞானத்தின் பேரால் நடந்தால் மாத்திரம் அதைத் தியாகம் என்று புகழ முடியாது. இன்னும் ஒன்று. 2020இல் இதன் சரித்திரத்தை நேச்சர் பத்திரிகையில் எழுதி 26 பேர் கையெழுத்திட்டார்கள். அதில் ஒரு பெண்கூட இல்லை. கருந்துளைப் படம் எடுத்த கூட்டத்தில் பெண்கள் இருந்தார்கள். கருவி செய்தவர்களின் ஜாபிதாவில் இல்லை. கதவு திறந்திருக்கிறது என்றால் மட்டும் போதாது, உள்ளே வர ஓய்வும் படிப்பும் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்பதை நம் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறோம். சாஸ்திரம் மாறவில்லை என்பதே சரியல்ல. ஐந்தாம் வேதம் என்கிற மகாபாரதத்தின் சரியான பாடம் எது என்று காண, 1919 முதல் 1966 வரை பூனாவில் பண்டிதர்கள் 1259 சுவடிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மாறாத புஸ்தகத்திற்கு 47 வருஷ வேலை எதற்கு? ஆகவே இரண்டும்தான் மாறியிருக்கின்றன. ஒன்று, இன்ன தேதியில், இன்னார், இன்ன காரணத்திற்காக, இன்ன வரியை மாற்றினார் என்று எழுதி வைத்துக்கொண்டு மாறுகிறது. வேண்டாமென்றால் பழைய பதிப்பை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். மற்றொன்று, யாரோ எப்போதோ இடையில் செருகிவிட்டு, ரிஷி சொன்னது என்று ரிஷியின் தலையில் கட்டிவிட்டது.

நமது இயக்கமும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விட வேண்டும் என்பது முதலாகப் பல தீர்மானங்கள் செய்தோம். எது நடந்தது, எது நடக்கவில்லை, எதைத் திருத்த வேண்டும் என்று நமது கிளைச் சங்கங்களில் வருஷா வருஷம் ஜாபிதா போட்டுப் பார்க்கிறோமா? இந்த ஊர்ச் சங்கத்தின் காரியதரிசியை நாம் கேட்டோம். சிரித்தார்.

2.0 வந்த அடுத்த மாதமே அதிலிருந்த பிழைகளைத் திருத்தி 2.0.1 வந்தது. அந்த ஆகஸ்டில் 2.1, டிசம்பரில் 2.2, 2025 ஜூனில் 2.3 என்று வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெரியவருக்கு இன்றைய கூட்டத்தைப் பற்றிச் சொல்லியனுப்பியிருந்தோம். எட்டு மைல் பஸ்ஸில் வந்து, அதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மறுப்பு இருக்கும். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு நாம் உட்காருகிறோம்.