வன்தட்டும் வரப்பும்

(அடி அண்ணாமலையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணிக்கவாசகர்க்குக் கோயிலெடுத்த ஊர் இவ்வூர். அவர் பாட்டு நமக்கு வந்து சேர்ந்தது ஓலையால். ஓலை செல்லரிக்குமுன் அடுத்த ஓலையில் படியெடுத்து வைத்தவன் எவன் என்பது நமக்குத் தெரியாது. அவன் கைவிட்டிருந்தால் பாட்டும் போயிருக்கும் என்பது மட்டும் தெரியும். இற்றை ஓலை கணிப்பொறியின் வன்தட்டு. அதனைப் பற்றி ஈண்டுப் பேசுவதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

எம் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், இம்மலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏழாண்டுகள் அலைந்தார். ஏற்றம் இறைத்த முதியோர், நாற்று நட்ட தாய்மார் ஆகியோரின் குரலிலேயே ஏர்த்தொழிற் சொற்களையும் நடவுப் பாடல்களையும் பதிந்து வந்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியில் இயங்கியது இலினக்சு. பதிவுகளையெல்லாம் புறத்தட்டு ஒன்றில் சேர்த்தார். மறுபடி எடுத்து வைக்கவில்லை. ஒருநாள் சில பாடல்களைக் குறுவட்டில் ஏற்றித் தருமாறு கடையொன்றுக்கு அத்தட்டைக் கொண்டு சென்றார். கடையிலிருந்தது விண்டோசுக் கணிப்பொறி. தட்டின் அமைப்பு அதற்கு விளங்கவில்லை. 'இதனைப் பயன்படுத்துமுன் வடிவூட்ட வேண்டும், வடிவூட்டவா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. கடைப்பையன் 'ஆம்' என்று அழுத்தினான். சில நொடிகளில் ஏழாண்டு உழைப்பு வெறுந்தட்டாயிற்று. அப்பையனை யாம் நோகவில்லை. தட்டு வெறுமையாக இருக்கிறது என்று பொறி சொல்லவில்லை, தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றே சொல்லிற்று. அவ்வேறுபாட்டை அவனுக்கு அவன் மொழியில் சொல்வாரில்லை.

வடிவூட்டல் என்றால் என்ன? உழவர் ஊரில் இதனை விளக்குவது எளிது. புதுநிலத்தில் வரப்பிட்டு, எந்தப் பாத்தி யாருக்கு என்று கணக்கேட்டில் எழுதி வைப்பதே வடிவூட்டல். அவ்வரப்பும் கணக்கேடும் சேர்ந்ததே கோப்புமுறை. இம்முறை ஒன்றன்று, பல. ஒரு முறையில் இட்ட வரப்பை மற்றொரு முறை மட்டும் அறிந்த பொறி படிக்காது. விரைவு வடிவூட்டல் கணக்கேட்டைத்தான் புதிதாக்கும். பாத்தியில் நிற்கும் பயிர் அப்படியே நிற்கும். முழு வடிவூட்டலோ, 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோசு விசுட்டா தொட்டு, தட்டு முழுவதும் சுழி எழுதி உழுதுவிடும். ஆகவே தவறி வடிவூட்டிவிட்டால் அத்தட்டில் ஓரெழுத்தும் எழுதாதீர். கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். சுழலும் பகுதியில்லாத புதுவகைத் திண்மத் தட்டாயின் இவ்வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை; வெறுமையான இடத்தை அது தானே துடைத்துக்கொள்ளும்.

முறைகளின் வரலாற்றில் நம் மொழிக்கு ஒரு பங்கு உண்டு, இழிவான பங்கு. 1981-இல் வந்த டாசு இயங்குதளத்தின் எஃப்.ஏ.டி. முறையில் கோப்பின் பெயர் எட்டு எழுத்து, பின்னொட்டு மூன்று. அவையும் உரோமன் எழுத்து. திருக்குறளைத் தமிழில் தட்டி முடித்த தமிழன் அதற்குத் தமிழில் பெயரிட முடியாது! 1993-இல் வந்த என்.டி.எஃப்.எசு. முறைதான் 255 இடம் கொண்ட, ஒருங்குறியில் அமைந்த பெயருக்கு வழிவிட்டது. 1995-இல் விண்டோசு 95 பழைய எஃப்.ஏ.டி. முறைக்கும் நீண்ட பெயரை ஒட்டுப்போட்டுத் தந்தது.

இலினக்சின் ஈ.எக்சு.டி. 4 என்னும் முறை 2008-இல் நிலைபெற்றது. உறுதியானது, எமக்கு உகந்ததும் அதுவே. ஆனால் அது பெயரை எழுத்தால் அளக்காமல் பைட்டால் அளக்கிறது. மேல் எல்லை 255 பைட்டு. உரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். 'அடியண்ணாமலை' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு ஏழெழுத்து. ஒருங்குறியிலோ பதினொரு குறி, 33 பைட்டு. ஆங்கிலேயன் 255 எழுத்தில் பெயரிடும் இடத்தில் நமக்கு 85 குறிகளே. மேலும் ஒருங்குறியில் ககரமெய்க்குத் தனியிடம் இல்லை. அகரமேறிய ககரத்தை வைத்து அதன்மேல் புள்ளி குத்துகிறார்கள். மெய்யில் உயிரேறி உயிர்மெய்யாகும் என்பது நம் இலக்கணம், இது தலைகீழ். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் அனைத்து எழுத்துக் குறிமுறை 16 பிட்டு என்பதனை ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. அதில் இதே பெயர் 21 பைட்டில் அடங்கும். ஆயினும் கோப்புப் பெயருக்கு அதனைக் கையாளற்க என்றே சொல்வேன். அடுத்தவர் பொறியில் அப்பெயர் வெற்றுக் கட்டமாகவே தெரியும். கொள்கையில் உரிமை வேறு. கோப்பைத் தொலைப்பது வேறு.

இன்னொரு சிக்கல் உண்டு. 'கொடி' என்பதன் முதலெழுத்தை ஒகரக்குறி ஒன்றாகவும் எழுதலாம்; எகரக்குறியும் காலும் எனப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. என்.டி.எஃப்.எசு. முறைக்கும் இயல்பான ஈ.எக்சு.டி. 4 முறைக்கும் அவை வெவ்வேறு பெயர்கள். ஆகவே ஒரே பெயரில் இரு கோப்புகள் நிற்கக் கண்டு மருளுவீர்கள்; தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. ஆப்பிள் நிறுவனத்தின் புதிய முறை இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. வீட்டில் எல்லாரும் ஒரே தட்டச்சுமுறையைக் கையாண்டால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

எதனைத் தேர்வது? விண்டோசு மட்டும் உள்ள வீட்டில் என்.டி.எஃப்.எசு., இலினக்சு வீட்டில் ஈ.எக்சு.டி. 4. இவ்விரண்டும் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் நாட்குறிப்பேடு போல எழுதிக்கொண்டு பின்னர்ச் செய்வன. மின் நின்றாலும் கணக்குக் குலையாது மீளும். நம் ஊரில் மின் நிற்பதைப் பற்றி உங்களுக்கு யான் சொல்ல வேண்டா. பலர் பொறிக்கும் போய்வர வேண்டிய தட்டு, விரலி ஆகியவற்றுக்கு எக்சு-எஃப்.ஏ.டி. முறை ஏற்றது. 2006-இல் மைக்ரோசாப்டு ஆக்கியது. 2019-இல் அதன் விளக்கத்தை வெளியிட்ட பின் இலினக்சும் அதனை இயல்பாகப் படிக்கிறது. ஆனால் அதற்கு நாட்குறிப்பேடு இல்லை. முறையாக விடுவித்த பின்னரே பிடுங்க வேண்டும். பழைய எஃப்.ஏ.டி. 32-இல் 4 கிகாபைட்டை எட்டும் ஒற்றைக்கோப்பு நுழையாது. நீண்ட கூத்தொன்றை ஒளிப்படமாகப் பதிந்தவர் இதனை அறிவர். பாட்டுப்பெட்டிக்குச் செருகும் சிறு விரலியோடு அதனை நிறுத்திக்கொள்ளலாம்.

2011 முதல் தமிழ்நாட்டரசு மாணவர்க்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளுள் பலவற்றில், விண்டோசோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை நடுவம் ஆக்கிய பாசு இலினக்சும் இருந்தது. ஒரே தட்டில் இருவகை வரப்பு! இலினக்சு மறுபுறத்தையும் படிக்கும். விண்டோசு தானாக இலினக்சின் பக்கத்தைப் படிக்காது. அப்பொறிகள் சில இன்னும் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழைய பொறியென எறியுமுன், அதன் இலினக்சுப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எம்முறையாயினும் ஒரு தட்டு ஒரு தட்டே. 1981-ஆம் ஆண்டு சூன் முதல்நாள் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுட் சிலவற்றுக்கு உலகில் மறுபடி இல்லை. வன்தட்டை எரிக்கப் பகைவன் வரவேண்டியதில்லை. அஃது ஒருநாள் தானே நின்றுவிடும். ஆதலின் இரு தட்டுகள் வேண்டும். அவையும் ஒரே வீட்டில் இருத்தல் ஆகாது. மேலே பெயரெழுதிய தாளை ஒட்டுங்கள்: 'இத்தட்டில் தமிழ்ப் பதிவுகள் உள, இலினக்சுக் கணிப்பொறியில் மட்டும் திறக்க, வடிவூட்டற்க.' எம் நண்பர் தட்டில் இத்தாள் ஒட்டியிருந்தால் அப்பையனின் கை நின்றிருக்கும்.

அவர் தட்டு என்னாயிற்று என்று முன்வரிசையில் ஒரு தாயார் கேட்கிறார். நல்வாய்ப்பாக அது சுழலும் தட்டு. நடந்ததும் விரைவு வடிவூட்டல். அவர் உடனே அதனைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மீட்புக் கருவியைக் கொண்டு பத்து நாள் முயன்றதில் குரல்களிற் பெரும்பகுதி மீண்டது. பெயர்கள் மீளவில்லை. எந்த ஊர், எவர் குரல் என்று அவர் தமிழில் பார்த்துப் பார்த்து எழுதிய பெயர்களுக்கு மாறாக இப்போது வெற்று எண்களே நிற்கின்றன. பாடியோருட் சிலர் இன்று இல்லை. அக்குரல்களை ஒரு பொறியில் ஏற்றி இங்கே கொண்டு வந்துள்ளோம். உரை முடிந்தபின் ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்வோம். தம் அன்னையின் குரலையோ பாட்டியின் குரலையோ அடையாளம் காண்போர் எழுந்து பெயரும் ஊரும் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள இருவர் இங்கே அமர்ந்திருக்கின்றனர்.