சூதக வலியும் அதன் பரிகாரமும்
(புளியந்தோப்பில் கூடிய நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் ஒரு சகோதரி நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதர் தேகாரோக்கியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் பெரும் படிப்பாளி அல்லேன்; நோயாளிகளின் கட்டிலருகே பல்லாண்டு நின்று பழகிய ஒரு தாதி. கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் இம்மேடையில் பலர் பலகாற் பேசியுள்ளனர். நம் இல்லங்களில் மாதந்தோறும் நிகழ்வதும், ஒருவரும் வாய் திறந்து பேசாததுமான ஒரு துன்பத்தைப் பற்றி யான் பேசத் துணிந்தேன். மாதவிடாய்க் காலத்தில் உண்டாகும் வயிற்றுநோவே அது. நம் பெரியோர் அதனைச் சூதக வலி என்பர். இதற்கு நாணுவதற்கு ஒன்றுமில்லை. சகோதரர்களும் எழுந்து போக வேண்டுவதில்லை. அவர்களுக்கும் மனைவியரும் பெண்மக்களும் உண்டன்றோ?

யான் பள்ளியிற் படித்த காலத்தில், கணக்குப் பரீட்சையன்று இந்நோவினால் சுருண்டு கிடந்தேன், பரீட்சை எழுதவில்லை. என் பாட்டியார் தலையைத் தடவி, “ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்” என்றார். அன்பினாற் சொன்ன சொல்தான். ஆனால் பதினான்கு வயதுச் சிறுமிக்கு அது பத்து வருஷத் தண்டனையல்லவா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்நோவோ, தமக்கு வந்து அனுபவித்தவர்களே தம் பெண்களிடத்து, “பொறுத்துக்கொள்” என்று சொல்லும் விந்தையை உடையது.

முதலில் காரணத்தை அறிவோம். கருப்பை என்பது தசையாலான உறுப்பு. மாதவிடாய் வருங்கால் அதன் உள்தோலில் ‘புராஸ்டகிளாண்டின்’ என்னும் ஒருவகைப் பொருள் சுரக்கிறது. அது மிகுந்தால் கருப்பைத் தசை இறுக்கிப் பிடிக்கிறது. அத்தசைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. ஆகவே நோவு உண்டாகிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எவ்வாறு துடிக்கிறோமோ, அத்தகையதே இதுவும். சிலருக்கு வாந்தியும் பேதியும் தலைவலியும் சேர்ந்து வருவதற்கும் இப்பொருளே காரணம். மாதவிடாய்க் குருதியில் தசையை இறுக்கும் பொருள் உண்டென்பதை இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்பவர் 1957-ல் எடுத்துரைத்தார். ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971-ல் நிரூபித்தார். 1982-ல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். ஆதலின் இந்நோவு பாசாங்கும் அன்று, பாவத்தின் பயனும் அன்று என்பது தெளிவு.

இனிப் பரிகாரத்தைக் கூறுவேன். முதலாவது, ஒத்தடம். அடிவயிற்றில் இளஞ்சூடு இடைவிடாது படுமாயின் தசை தளரும். வெந்நீர்ப் பையோ, துணியில் முடிந்த வறுத்த உப்போ போதும். தோல் வெந்துபோகாத சூடாக இருத்தல் வேண்டும். 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வயிற்றில் இடைவிடாது வைத்த இளஞ்சூடு ஐபுபுரோபென் மாத்திரைக்கு ஒப்பான பயன் தந்ததாகக் கண்டனர். நம் பாட்டிமாரின் தவிட்டு ஒத்தடம் மூடப்பழக்கம் அன்று என்பது இதனால் விளங்கும். இரண்டாவது, தேகப்பயிற்சி. வாரத்தில் சில நாளேனும் வேகமாக நடப்பவர்க்கு நோவு தணிகிறது. மூன்றாவது, சுக்கு. இஞ்சியும் சுக்கும் ஓரளவு பயன் தருவதாகச் சிறு பரிசோதனைகள் காட்டியுள்ளன.

நான்காவது, மாத்திரை. ஐபுபுரோபென், மெபனமிக் அமிலம் ஆகியவை முற்கூறிய பொருள் சுரப்பதையே தடுப்பன. ஆதலின் நோவு முற்றியபின் விழுங்குவதைவிட, தொடங்கும்போதே, உணவுண்டபின், மருத்துவர் சொன்ன அளவில் உட்கொள்ளுதல் நலம். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இழுப்பு நோய் உடையவரும், கருவுற்றவரும், கருவுற்றிருக்கலாம் என ஐயமுற்றவரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. மெபனமிக் அமிலத்தால் அரிதாகக் கொடிய ஒவ்வாமை நேரக்கூடும் என்று இந்திய மருந்துநூல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரைக்குப்பின் காய்ச்சலும் தடிப்பும் நெறிகட்டுதலும் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இவற்றால் தணியாதவர்க்கு மருத்துவர் கருத்தடை மாத்திரையைக் கொடுப்பதும் உண்டு. மணமாகாத பெண்ணுக்கு அதனைக் கொடுத்தால் அபவாதம் பேசுதல் வேண்டா. அங்கு அது நோவுக்கு மருந்து.

சகோதரிகளே! நம் பேட்டையை அடுத்திருந்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலையை நீங்கள் அறிவீர்கள். அங்கு உண்பதற்கு விடும் இடைவேளை போதாதென்று தொழிலாளர் முறையிட்டதும், 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று. இயந்திரம் நில்லாது ஓடினும் மனித தேகத்திற்கு ஓய்வு வேண்டும் என்பதே அவர்களுடைய வழக்கு. அவ்வாலை 1996-ல் மூடப்பட்டது. இன்று ஆயத்த ஆடைக் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்வோர் பெரும்பாலும் பெண்களே. தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளிகளான ஏறக்குறைய 100 பெண்களை விசாரித்து 2019-ல் ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் நோவென்று சொன்ன அவர்கள் எல்லோருக்கும் வேலைத்தலத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டனவாம். பாதிக்கு மேற்பட்டோர் தம் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். மாத்திரை நல்லதே ஆயினும், பெயரும் அளவும் அறியாமல் மாதந்தோறும் விழுங்குவது எங்ஙனம் நலமாகும்? ஓய்வு கேட்டவளுக்கு ஓய்வுக்குப் பதிலாக மாத்திரை தருவது எவ்வாறு நியாயமாகும்?

ஜப்பானில் 1947-ஆம் வருஷத்துத் தொழிற்சட்டம் மாதவிடாய் நோவுற்ற ஸ்திரீகளுக்கு விடுமுறை கேட்கும் உரிமை அளித்தது. நம் தேசத்தில் பிகார் அரசாங்கம் 1992-ல் தன் பெண் ஊழியர்க்கு மாதம் இரண்டு நாள் விசேஷ விடுமுறை வகுத்தது. அவ்வளவு கிட்டாவிடினும், உட்கார ஒரு நாற்காலி, குடிக்கச் சிறிது வெந்நீர், அரைமணி ஓய்வு ஆகியவற்றைக் கேட்பதில் தவறென்ன?

இன்னொரு செய்தி முக்கியமானது. எல்லா நோவும் சாதாரண நோவு அன்று. வருஷந்தோறும் நோவு அதிகரித்தாலும், உதிரம் அளவுக்கு மிஞ்சினாலும், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் நோவு இருந்தாலும், தாம்பத்தியத்திலோ மலசலம் கழிக்கும்போதோ வலித்தாலும், மேற்சொன்ன பரிகாரங்களை மூன்று மாதம் செய்தும் தணியாவிடினும், உள்ளே வேறு பிணி இருக்கக்கூடும். எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயில், கருப்பையின் உள்தோல் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிறது. பிள்ளைபெறும் வயதினருள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. “பொறுத்துக்கொள்” என்னும் சொல்லால் இந்நோய் பல வருஷம் மறைந்து கிடந்து, பிள்ளைப்பேற்றுக்கும் இடையூறு ஆகலாம். நமக்கு மாநகராட்சிச் சுகாதார நிலையங்கள் உண்டு. இராயபுரத்தில் மாதருக்கென்றே ஆர்.எஸ்.ஆர்.எம். அரசாங்க மருத்துவமனையும் உண்டு. அங்குச் செல்வதற்கு வெட்கம் ஏன்?

முடிவாக, நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். தாய்மார்கள் தம் பெண்ணுக்கு நோவு வரும் நாளையும் அதன் கடுமையையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருக. மருத்துவரிடம் அதுவே பேசும். தந்தைமார்கள் வீட்டில் ஒரு வெந்நீர்ப்பை வாங்கி வைப்பதோடு, அன்று பெண்ணைத் தண்ணீர்க் குடம் சுமக்கச் சொல்லாதிருப்பாராக. வேலைக்குச் செல்லும் பெண்கள், யார் மாத்திரை தந்தாலும் அதன் பெயரைக் கேட்டு அறிந்த பின்னரே வாயிலிடுக.

நான் தவறவிட்ட அந்தக் கணக்குப் பரீட்சை திரும்பி வாராது. நம் பெண்கள் ஒருவரும் அவ்வாறு ஒரு பரீட்சையையோ, ஒரு நாட் கூலியையோ இழவாதிருப்பாராயின், இன்று யான் நாணம் விட்டுப் பேசியது வீண் ஆகாது.