மின்கம்பியும் சர்க்காரின் பொறுப்பும்



நமது கிராமங்களில் வீட்டு விளக்கு எரிவதும் கிணற்றுநீர் வயலுக்குப் பாய்வதும் இன்று மின்சாரத்தினாலேயே நடைபெறுகின்றன. அதைக் கொணரும் கம்பி அறுந்து விழுந்து ஓர் உயிர் மாய்ந்தால் அதற்கு ஜவாப்தாரி யார்? தலைவிதியென்று எண்ணி வாளாவிருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. சட்டமோ அவ்வாறு கூறவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் 1997-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி இரவு, ஒரு தொழிலாளி தொழிற்சாலையிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பினார். சாலையில் மழைநீர் தேங்கியிருந்தது. அதனுள் அறுந்து கிடந்த கம்பி அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மின்சாரம் தாக்கி உயிர் நீத்தார். அவர் குடும்பத்தார் நஷ்டஈடு கோரினர். அந்த ராஜ்யத்தின் மின்சார வாரியமோ, வேறொருவர் திருட்டுத்தனமாக இழுத்த கம்பியே விபத்துக்குக் காரணம், தன்மீது குற்றமில்லை என்று வாதாடியது.

2002-ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை நிராகரித்தது. அபாயகரமான பொருளைப் பொதுவிடத்தில் செலுத்துவோரே அதனால் நேரும் தீங்கிற்குப் பொறுப்பாளிகள். கவனக்குறைவு உண்டா இல்லையா என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை. கம்பி அறுந்தவுடன் மின்னோட்டம் தானே நின்றிருத்தல் வேண்டும். திருட்டைத் தடுப்பதும் வாரியத்தின் கடமையே என்று நீதிபதிகள் கூறினர். இத்தத்துவம் புதியதன்று. நீர்த்தேக்கத்து நீர் அயலாரின் சுரங்கத்தில் புகுந்த வழக்கில், 1868-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதனை உறுதிசெய்தது. ஏரி உடைந்தால் வரும் கேட்டை அறிந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஆகவே கிராமவாசிகள் செய்யத்தக்கவை சில. தாழத் தொங்கும் கம்பியையும் சாய்ந்த கம்பத்தையும் கண்டால், மின்சார ஆபீஸுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். அறுந்த கம்பியை எவரும் அணுகலாகாது, மாடுகளையும் விலக்குங்கள். விபத்து நேரின் போலீஸில் புகார் எழுதுவித்து, பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, இத்தகைய விபத்துக்களை அறிவிக்கவும் விசாரிக்கவும் வழி செய்கிறது.

நமக்கும் கடமையுண்டு. கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதும், பன்றிக்கு அஞ்சி வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் அயலான் உயிருக்கு உலை வைப்பதாகும். கம்பியைக் காப்பது சர்க்காரின் கடன். அதில் கைவையாதிருப்பது நமது கடன். இரண்டும் நிறைவேறினாலன்றி, விளக்கு வந்தும் நம் இல்லங்கள் ஒளி பெறா.