உருளை இரண்டா, மூன்றா? – அறியாப் பொறியை இனங்காணும் தமிழ்



அறியாத பொறியொன்றைக் கண்டால், 'இதன் பெயர் என்ன?' என்றே பெரும்பாலும் கேட்கிறோம். பெயர் கிடைத்ததும் பொருளை அறிந்துவிட்டதாக நிறைவடைகிறோம். 'இது என்ன செய்கிறது?' என்ற வினாவிலிருந்து தொடங்குவதே தமிழின் இயல்புக்கு நெருங்கியது என்பது நம் கருத்து. கோலா பிலா வட்டாரத் தோட்டங்களை வைத்தே அதனைக் காண்போம்.

பழைய ரப்பர்த் தோட்டங்களில் துருவேறிக் கிடக்கும் இரட்டை உருளைப் பொறியை இன்றைய மாணவர் பலர் இன்னதென்று அறியார். வார்ப்பிரும்புச் சட்டம், நெருங்கி நிற்கும் இரண்டு உருளைகள், இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் மேலே திருகுகள், பக்கத்தில் கைப்பிடி பொருத்திய சக்கரம். மங்கில் வடிந்த பாலைத் தட்டுகளில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் அமிலம் கலந்தால் அது தயிர்போல் உறையும். உறைந்ததை வழவழப்பான உருளைகளுக்கிடையே பலமுறை செலுத்தி, நீரைப் பிழிந்து, மெல்லிய தகடாக்குவர். இறுதியில் வரிப்பள்ளம் வெட்டிய உருளைகளில் ஒருமுறை செலுத்துவர். அவ்வரிகள் அழகுக்காக அல்ல. காற்றுப்படும் பரப்பு மிகுவதால் தகடு விரைந்து உலரும். அடுக்கும்போது ஒன்றோடொன்று எளிதில் ஒட்டாது. ஆகவே உருளையில் வரி உண்டா என்று நோக்கினாலே பொறி எந்தக் கட்டத்துக்குரியது என்று சொல்லிவிடலாம். ஓர் உருளை மற்றதைவிட விரைந்து சுழலுமாயின் அது பிழிவதோடு கிழிக்கவும் செய்யும். ஒட்டுப்பாலை அலசித் தகடாக்கியது அவ்வகைப் பொறி. 1965இல் தரப்படுத்திய மலேசிய ரப்பர் அறிமுகமாகிக் கட்டி ரப்பர் பெருகியது. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. உருளைகள் நின்றுபோயின.

ஆங்கிலேயர் இதனை 'மேங்கிள்' என்றனர். துவைத்த துணியைப் பிழியும் உருளைப் பொறிக்கு அவர்கள் வீட்டில் வழங்கிய பெயரே அது. புதியதைப் பழகியதன் சாயலில் இனங்கண்டனர், அவ்வளவே. நம்மவர்க்கும் ஒரு சாயல் இருந்தது. கரும்பைப் பிழியும் பொறியை 'ஆலை' என்றோம்; அதே சொல்தான் பின்னர்ப் பஞ்சாலை, நூற்பாலை என விரிந்து தொழிற்கூடம் முழுவதற்கும் பெயராயிற்று. சங்க நூலாகிய ஐங்குறுநூற்றில் கரும்பாட்டும் எந்திரத்தின் ஓசை களிற்றின் பிளிறலுக்கு எதிரொலியாகக் காட்டப்படுகிறது. பொறியைக் காதால் இனங்கண்ட புலவர் அவர்.

தோட்டத்தை விட்டுத் தொழில் தேடிச் செல்லும் இளைஞர் ஒருவர் ஜொகூரின் பாசிர் கூடாங் கப்பல் கட்டும் தளத்தில் நுழைவதாகக் கொள்வோம். (ஊர்ப்பெயரின் 'கூடாங்' நம் 'கிடங்கு' சென்று சேர்ந்த வடிவம்; கப்பலுக்கு மலாயில் வழங்கும் 'காப்பால்' என்பதும் தமிழ் தந்ததே. ஆகவே அவர் முற்றிலும் அயலிடத்தில் நிற்கவில்லை.) அங்கே வீட்டளவு பெரிய உருளைப் பொறியொன்று நிற்கிறது. தோட்டத்துப் பொறியின் உறவுபோல் தோன்றினும் உருளைகள் மூன்று: கீழே இரண்டு, அவற்றின் நடுவே அழுத்த மேலே ஒன்று. இரண்டு உருளை பெரும்பாலும் பிழியும் அல்லது மெலிவிக்கும். மூன்று உருளை வளைக்கும். கப்பலின் வளைந்த உடலுக்குரிய எஃகுத் தகடு இங்கேதான் வளைகிறது. ஐந்து, ஏழு என வரிசையாக நின்றால், அது கோணிய தகட்டை நிமிர்த்தும் பொறி.

பிழி, வளை, நிமிர்த்து, துளை, அறு, இழை, கடை என இவ்வேறுபாடுகளுக்கெல்லாம் தமிழில் வினைச்சொற்கள் ஆயத்தமாக உள்ளன. மரத்தைச் சுழற்றிச் செதுக்கியவர் 'கடைசல்' என்றார். இரும்பைக் கடையும் பொறிக்கும் அதுவே பெயராயிற்று. இவை அனைத்தையும் 'இயந்திரம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுக் கலைச்சொல் வளம் பேசுவது நமக்கு உடன்பாடன்று.

இதில் உயிருக்கும் உறுப்புக்கும் உரிய செய்தியும் உண்டு. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் சந்திக்குமிடம் தகட்டை இழுப்பதுபோலவே விரலையும் இழுக்கும். பொறியின் பெயரை அறியாமல் வேலை செய்யலாம். இவ்விடத்தை அறியாமல் செய்யலாகாது. இதனைக் 'கவ்வுவாய்' என வழங்கலாம் என்பது நம் முன்மொழிவு. இதனினும் நல்ல சொல் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் இருக்குமாயின், நம் சொல்லை மகிழ்ந்து கைவிடுவோம்.

மங்கு மலாயிலிருந்து வந்தது, மிசின் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று கூறி, அம்முதியவர்களின் பேச்சைக் கொச்சையென ஒதுக்கியவர் நம்மில் உண்டு. அச்சொற்களைச் சொன்ன கைகளுக்கே பொறியின் ஒவ்வொரு திருகும் தெரியும். அவர்களுள் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். இவ்வாண்டு விடுமுறையில் மாணவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். கையில் குறிப்பேடு இருக்கட்டும். பொறியை வரைந்து வரட்டும். 'தாத்தா, இதற்குப் பெயர் என்ன?' என்பதை இரண்டாவதாகக் கேட்கட்டும். 'இதில் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்பதை முதலில் கேட்கட்டும்.