வாதசுரமும் நம் இல்லங்களும்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவம் பயின்றேம் அல்லேம். தமிழ் கற்பித்து வாழ்பவர். ஆயினும் ஒரு நோயைப் பற்றிப் பேச எழுந்தமைக்குக் காரணம் உண்டு. எம் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தி, படியேறுங்கால் இடையிடையே நின்று மூச்சு வாங்குவாள். சோம்பல் என்று கடிந்துகொண்டோம். அவள் இருதய வால்வு பழுதுற்றிருந்ததைப் பின்னரே அறிந்தோம். அக்கடுஞ்சொல் இன்றும் எம்மை வருத்துகின்றது.

அந்நோயை வாதசுரம் என்னலாம்; டாக்டர்கள் ருமாட்டிக் காய்ச்சல் என்பர். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுச் சிறாரையே பற்றும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் முதலில் தொண்டை நோகும். அது தானே ஆறிவிடும், வீட்டாரும் மறந்துவிடுவர். இரண்டு மூன்று வாரங்கழித்துக் காய்ச்சல் எழும், முழங்கால் வீங்கும், அது வடிய, கணுக்காலோ முழங்கையோ வீங்கும். கிருமியை எதிர்த்தெழுந்த உடலின் காவற்படை, தன் உறுப்புக்களையே பகையென மயங்கித் தாக்குவதன் விளைவு இது. மூட்டுக்கள் ஆறிவிடும், வால்வுகளோ பெரும்பாலும் வடுப்பட்டுப் போம்.

ஒரே அறையில் பலர் நெருங்கி உறங்கும் எளிய இல்லங்களில் இது மிகுதி. செல்வ நாடுகளில் வீடும் மருத்துவமும் செம்மையுற, பெரிதும் அருகிற்று. 2018-ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை இதன்பொருட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் நம் நாட்டை விட்டு நீங்கியபாடில்லை.

மருந்து இல்லையோ எனின், உண்டு, விலையுயர்ந்ததும் அன்று. தொண்டை நோவுக்குக் காலத்தே மருத்துவர் பென்சிலின் கொடுப்பின் சுரத்தையே தடுக்கலாம். ஒருமுறை சுரம் வந்தார்க்கு, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி ஆண்டுக்கணக்காக இடப்படல் வேண்டும். இடர் இங்கேதான். பிள்ளை ஓடியாடுகின்றதே என்று ஊசியை நிறுத்திவிடுகின்றோம். சுரம் மீளும், மீளுந்தோறும் வால்வு மேலுங் கெடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சினங்கொள்ளற்க. பெண்ணுக்கு ஊசி போடுவது சம்பந்தி வீட்டார்க்குத் தெரிந்துவிடுமே என்று மறைப்பார் நம்முள் உளர். வால்வு சுருங்கியவள் கருவுற்றால், பெருகும் குருதியை இருதயம் தாங்காது மூச்சுத் திணறும். உயிர்க்கே இடர் நேரலாம். வரன் பார்க்குங்கால் சாதகத்தைக் கேட்கின்றோம், பவுனைக் கேட்கின்றோம். நோயை ஒளியாது சொன்ன வீட்டை மட்டும் தள்ளிவிடுகின்றோம். மறைக்கக் கற்பித்தவர் நாமே அல்லமோ?

எம் மாணவியின் தாயார் மறைத்தாரில்லை. மூன்று வாரத்திற்கொருமுறை அன்றைக் கூலியை இழந்து அவளை அழைத்துச் செல்கின்றார். அந்நாட் பாடத்தை மறுநாள் யாமே சொல்லிக்கொடுக்கின்றோம். இத்தகைய குடும்பங்கட்கு ஊசி நாளின் பஸ் கட்டணத்தையேனும் நம் சங்க நிதியிலிருந்து தரலாகாதா? விடுதிப் பிள்ளைகள் தொண்டை நோகின்றது என்றால், கஷாயத்தோடு நில்லாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாகாதா? செயலாளர் அவர்கள் இவ்விரண்டையும் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.