பூட்டிய அலமாரி நூலகம் ஆகாது

(செமோரில் தோட்டத் தொழிலாளர், பெற்றோர் கூட்டமொன்றில், தோட்டக் கிராணியும் சங்கத் தொண்டருமான அன்பர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீடு, மருந்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று பள்ளி நூலகத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். "சங்க மேடையில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். தோட்ட ஆபீசில் கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாதந்தோறும் சம்பளச் சீட்டுக் கொடுக்கிறோம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம், ஊழியர் சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. நம்மில் பலர் அடியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர், பள்ளிக்குப் போனவர்கள்தாம். எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் பத்து வரியை ஒரு மூச்சில் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் இல்லை. கூட்டு ஒப்பந்தம் கையில் இருந்தும், அதில் உள்ள விதி இன்னதென்று பிறர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. படித்துப் பார்க்காதவனுடைய உரிமை அடுத்தவன் நாவில் இருக்கிறது, தோழர்களே!

இந்தக் குறை முப்பது வயதில் முளைப்பதன்று. எட்டு வயதில், படிக்க ஆசை பிறக்கும் நேரத்தில், கைக்குப் புத்தகம் எட்டாமற்போனதால் வருவது. ஆகவேதான் பள்ளி நூலகம் சங்கத்தின் விஷயம் என்கிறேன்.

பள்ளி வந்தது, புத்தகம் வரவில்லை

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்துக்காகப் பல தோட்டங்களில் பள்ளி எழுந்தது. பிள்ளைக் கொட்டகையின் ஒரு மூலையே பள்ளிக்கூடமாகவும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் இருந்த இடங்கள் பல. அந்த நாளில் பாடப் புத்தகமே அரிது. கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது?

அப்படிப்பட்ட நிலையில் இருந்த நம் முன்னோர் ஒரு காரியம் செய்தார்கள். 1950களின் நடுவில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தோன்றிய இந்திய இயல் பகுதிக்குத் தமிழ் நூலகம் அமைக்கவே அந்த நிதி. பாட்டாளி மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாயிலை மிதிப்போம் என்ற நம்பிக்கை அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஆயினும், என்றோ ஒருநாள் யாரோ ஒரு பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் அலமாரியைப் பற்றி நாம் கவலைப்படாதிருக்கலாமா?

நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. நம் செமோர் வட்டாரத்தில் ரப்பர் மரம் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. லயம் போகலாம், மரம் போகலாம், வேலையும் போகலாம். பிள்ளையிடமிருந்து எவராலும் பிடுங்க முடியாதது அவன் படிப்பு ஒன்றே.

புத்தகம் இருக்க வேண்டிய இடம்

நூலகம் என்றால் என்ன என்பதை உலகுக்கு எடுத்துக் கூறியவர்களில் ஒருவர் தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். புத்தகம் பாதுகாத்து வைப்பதற்காக அன்று, பயன்படுத்துவதற்காகவே என்பது முதல் விதியின் சாரம். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். கையால் எழுதிய புத்தகம், விலை அதிகம், அதனால் சங்கிலி. அச்சுப் புத்தகம் மலிவாகி நூற்றாண்டுகள் ஆயின. சங்கிலி போய்விட்டது, பூட்டு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

அதே 1931இல், மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகத்தைத் தேடி வர முடியாத குடியானவனைத் தேடி நூலகம் போயிற்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மாட்டு வண்டியால் முடிந்தது, இன்று வகுப்பறையிலிருந்து பத்து அடி தள்ளி இருக்கும் அலமாரியால் முடியாதா?

பீஜித் தீவு தரும் பாடம்

"கதைப் புத்தகம் படித்தால் பரீட்சையில் மார்க் வருமா? பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பீஜித் தீவிலிருந்து பதில் கிடைத்திருக்கிறது.

நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட இங்கு வந்ததுபோல, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1879 முதல் 1916 வரை இந்தியர்கள் அங்கே கப்பலேறினார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று. அந்நாட்டுக் கிராமப் பள்ளிகளில் புத்தகம் மிகக் குறைவு. வீட்டில் பேசுவது ஒரு மொழி, பள்ளியில் கற்க வேண்டியது ஆங்கிலம். 1980இல் எல்லி, மங்குபாய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எட்டுக் கிராமப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, நான்காம், ஐந்தாம் வகுப்பறைகளில் 250 கதைப் புத்தகங்கள் வீதம் வைத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் புத்தகத்தைக் காட்டிப் படித்து, பிள்ளைகளோடு அதைப் பற்றிப் பேசினார். மற்ற வகுப்புகளில் தினமும் இருபது முப்பது நிமிடம் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே அமைதியாகப் படித்தார்கள்.

விளைவு என்ன? ஓராண்டு முடிவில், வழக்கமான பாடம் மட்டும் படித்த பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்பில் ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் எழுத்து, இலக்கணம் முதலியவற்றிலும் அந்த நன்மை தெரிந்தது. கதைப் புத்தகம் பாடத்துக்குப் பகை அன்று. பாடத்தைத் தூக்கிவிடும் கை என்பது இதனால் விளங்குகிறது.

நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன்பின் மலாய்மொழி இடைநிலைப்பள்ளி. அறிவியலும் சரித்திரமும் அங்கே வேறு மொழியில் வருகின்றன. தமிழில் புத்தகம் புத்தகமாகப் படித்துப் பழகிய பிள்ளை, புதுச் சொல்லைக் கண்டு மிரளாது. முன்னும் பின்னும் பார்த்துப் பொருளை ஊகிக்கும். ஆகவே நூலகத்தில் தமிழோடு மலாய், ஆங்கிலக் கதைகளும் இருக்க வேண்டும். மூன்றையும் பிள்ளை விரும்பி எடுக்க வேண்டும்.

மரம் சீவுகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே நாளில் ஆழ வெட்டினால் பட்டை புண்ணாகும். முறை வைத்து மெல்லச் சீவினால்தான் பால் ஒழுகும். பரீட்சைக்கு முந்தின மாதம் பிள்ளையை உட்கார வைத்து வதைப்பது ஆழ வெட்டு. நாள்தோறும் இருபது நிமிட வாசிப்பு முறையான சீவல்.

அலமாரி ஏன் பூட்டப்படுகிறது?

நம் நாட்டுப் பள்ளிகளில் நூலகத்துக்கென்று வள மையம் உண்டு; பொறுப்பாக ஆசிரியர் ஒருவரும் உண்டு. 1999 முதல் நிலாம் என்னும் வாசிப்புத் திட்டம் நடந்து வருகிறது. படித்த புத்தகத்தைப் பிள்ளைகள் பதிவு செய்கிறார்கள். திட்டம் நல்லதே. ஆயினும் பதிவை நிரப்புவதற்காகப் பின்னட்டையைப் பார்த்து எழுதுவது வாசிப்பு ஆகாது.

சில இடங்களில் அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருப்பதைப் பார்க்கிறோம். இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. புத்தகம் பதிவேட்டில் ஏறிய சொத்து. காணாமற்போனால் கணக்குக் கேட்பார்கள் என்ற அச்சம். ஸ்டோர்ச் சாவி வைத்திருக்கிற எனக்கு அந்த அச்சம் நன்றாகப் புரியும். ஆனால் ஸ்டோர்க் கணக்கில் இன்னொன்றும் உண்டு. உரமூட்டை குறையாமல் அப்படியே இருந்தால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். மரம் மட்டும் காய்ந்துபோகும்.

அறுபது பிள்ளைகள் படிக்கும் சிறு பள்ளியை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு புத்தகம், ஆண்டுக்கு நாற்பது வாரம் என்றால் 2,400 முறை புத்தகம் வெளியே போகும். முந்நூறு புத்தகம் இருந்தால், ஒவ்வொன்றும் ஆண்டில் எட்டு முறை பிள்ளைகள் கையில் புரளும். அட்டை கிழியும், தாள் கசங்கும், நாலைந்து காணாமலும் போகும். போகட்டும்! அது நூலகம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். ஆண்டு முடிவிலும் முந்நூறும் புத்தம் புதிதாக இருக்கிறதென்றால், அதுவே பெரிய நஷ்டம்.

நாம் செய்ய வேண்டியவை

குறை சொல்லிவிட்டுக் கலைவது தொழிற்சங்கத்துக்கு அழகன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாம் நான்கு கோரிக்கைகளை மரியாதையுடன் வைப்போம்.

முதலாவது: நூலகம் மேலதிகாரி வரும் நாளில் மட்டுமன்றி, பள்ளி நாள் அனைத்திலும், ஓய்வு நேரத்திலாவது திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது: வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கு என்று அட்டவணையில் இருக்க வேண்டும், வேறு பாடத்துக்கு அதை இரவல் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கும்போது ஆசிரியரும் ஒரு புத்தகம் படிக்கட்டும். பார்த்துத்தான் பிள்ளை பழகும்.

மூன்றாவது: முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் வீட்டுக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும்.

நான்காவது: எந்தப் புத்தகம் வாங்குவது என்று பிள்ளைகளையும் கேட்க வேண்டும். படக்கதையா, விலங்குக் கதையா, பேய்க் கதையா, எதுவாயினும் விரும்பிப் படிக்கட்டும். படிக்கும் பசி வந்தபின் நல்லதைத் தேடும் நாக்கு தானாக வரும்.

கேட்டால் மட்டும் போதாது. நாமும் கொடுக்க வேண்டும். மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 150க்குக் குறைவான பிள்ளைகள் உள்ள சிறு பள்ளிக்குப் பெருந்தொகை வராது. ஆகையால் குடும்பத்துக்கு மாதம் ஒரு வெள்ளி 'புத்தக வெள்ளி' என்று சேர்ப்போம். காணாமற்போன புத்தகத்துக்குப் பதில் வாங்க அது உதவும். ஆசிரியரின் அச்சமும் தீரும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் இளைஞர்கள் போய்க் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைத்துக் கொடுக்கட்டும்.

"எனக்கே படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அம்மா. கேட்டால் போதும். சமையற்கட்டில் உட்கார வைத்து, "இன்றைக்கு என்ன கதை, படி பார்ப்போம்" என்று கேளுங்கள். கைத்தொலைபேசியை அந்தப் பத்து நிமிடம் எட்ட வையுங்கள். தாய் கேட்கிறாள் என்றால் பிள்ளை தட்டுத் தடுமாறியாவது படிக்கும்.

கேட்பதன் வலிமையைத் தொழிலாளர் சரித்திரமே காட்டுகிறது. கியூபா நாட்டின் ஹவானா நகரில் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உரக்கப் புத்தகமும் பத்திரிகையும் படிப்பார். அவருக்கு உரிய கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். மறு ஆண்டே அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. வேலையில் குறை கண்டு போட்ட தடை அன்று; கேட்ட தொழிலாளி சிந்திக்கத் தொடங்கியதைக் கண்டு போட்ட தடை. தடை நிலைக்கவில்லை, வாசிப்பு நிலைத்தது. நம் தோட்டங்களிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படிக்க, லயத்து மக்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் இருந்தது. அன்று ஒருவர் படிக்கப் பலர் கேட்டோம். நாளை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும்.

தோழர்களே! அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள். தாமதமானாலும் வாருங்கள், வேலை உடுப்போடு வந்தாலும் தவறில்லை. எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரம் என் பிள்ளை நூலகத்திலிருந்து எந்தப் புத்தகம் எடுத்தான்?" பத்துப் பெற்றோர் இதைக் கேட்டால், பூட்டு தானாகத் திறக்கும்.