"நான் எதுக்கு சார் வரணும்?"

இன்னைக்கு கொஞ்சம் கனமான விஷயம்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பதினஞ்சு வயசுப் பையன் பைக் திருட்டுல மாட்டிக்கிட்டான்னு வைங்க. கேஸ் மதுரை இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே ஒரு நீதித்துறை நடுவரோட ரெண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பாங்க. தப்பு உறுதியானாலும், பையனுக்கும் பெத்தவங்களுக்கும் சேர்த்தே ஆலோசனை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவு இடம் கொடுக்குது.

ஆனா ஆர்டர் போட்டா மனசு வந்துடுமா?

அப்பா சொல்வாரு: "தப்பு பண்ணது அவன். நான் எதுக்கு சார் வரணும்?" பையன் சொல்வான்: "மொதல்ல எங்கப்பாவைத் திருத்துங்க." நாம உடனே 'அக்கறை இல்லாத குடும்பம்'னு முத்திரை குத்திடுறோம்.

மயாமியில ஹோசே சபோச்னிக் குழு 1988இல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. போதைப் பழக்கம் இருந்த, இருக்கும்னு சந்தேகப்பட்ட பிள்ளைகளோட 108 குடும்பங்கள். வழக்கமான முறையில அழைச்ச குடும்பங்கள்ல 42 சதவீதம்தான் சிகிச்சைக்கு வந்தாங்க. யாருக்கு வர மனசில்ல, ஏன் இல்லைன்னு கேட்டு, தேவைப்பட்டா வீட்டுக்கே போய்ப் பேசின குடும்பங்கள்ல 93 சதவீதம் வந்தாங்க. ஆக, ஆர்வத்தோட வர்றவங்களுக்கு மட்டும்தான் சிகிச்சைன்னு இல்ல. ஆர்வத்தை உண்டாக்குறதே சிகிச்சையோட முதல் வேலை.

அதுக்கு முதல்ல பழி போடுறதை நிறுத்தணும். அப்பாவோட கத்தலுக்கு அடியில 'பிள்ளை கைவிட்டுப் போயிடுவானோ'ங்கிற பயம் இருக்கலாம். "எங்க தப்பு பண்ணீங்க?"ன்னு கேட்டா அவர் எழுந்து போயிடுவாரு. "உங்களுக்கு எது ரொம்பக் கவலையா இருக்கு?"ன்னு கேட்டா பேச ஆரம்பிப்பாரு.

காசும் இருக்கு. கொத்தனார் வேலை பார்க்கிறவருக்கு மதுரைக்கு ஒரு தடவை வர்றதுன்னா ஒரு நாள் கூலி போச்சு. சாயங்கால நேரம், பக்கத்து ஊர்ல ஒரு இடம், இதெல்லாம் சலுகை இல்ல, அவசியம். நன்னடத்தை அலுவலர் 2 வாரத்துக்குள்ள குடும்பச் சூழல் பத்தி குழுமத்துக்கு அறிக்கை கொடுக்கணும். அதுக்காக வீட்டுல பேசுற அந்த முதல் பேச்சையே அழைப்பா மாத்தலாம்.

ஏன்னா கூர்நோக்கு இல்லத்துல இருந்து அவன் திரும்பி வரப்போறது அதே வீட்டுக்குத்தான். அங்கே எதுவுமே மாறலைன்னா, அவன் மட்டும் எத்தனை நாள் மாறி இருப்பான்?

உங்க சொந்தத்துலயும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். அண்ணனா, அக்காவா, நீங்க சொன்னா கேப்பாங்க. "உங்க மேல தப்புன்னு கூப்பிடல மாமா. நீங்க இல்லாம அவனால முடியாதுன்னுதான் கூப்பிடுறாங்க"ன்னு சொல்லுங்க. முதல் தடவை பஸ் ஏறும்போது கூடவே போங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.